திடலை வகுப்பறையாக்கிய பயிற்றுநர்



பத்து பாகாட்டில் எங்கள் பள்ளித் திடலில் சுண்ணாம்புக் கோடுகள் மீண்டும் தலைகாட்டத் தொடங்கிவிட்டன. சிவப்பு, நீலம், மஞ்சள், பச்சை என நான்கு இல்லங்களாகப் பிரிந்த மாணவர்கள் மாலை வேளைகளில் ஓடிக்கொண்டிருக்கிறார்கள். அஞ்சல் ஓட்டத்திற்குக் கோல் மாற்றும் பயிற்சி ஒருபுறம். மணற்குழியைக் கிளறிச் சமன்படுத்தும் வேலை மறுபுறம். பள்ளி விளையாட்டுப் போட்டி நெருங்கிவிட்டது என்பதற்கு வேறு அறிவிப்புத் தேவையில்லை.

இந்தப் பருவம் வந்துவிட்டால் ஒரு கேள்வியும் தவறாமல் வந்துவிடும். இவ்வாண்டும் ஒரு தாயார் கேட்டார். "ஐயா, பையன் மாலைப் பயிற்சிக்குக் கட்டாயம் வரவேண்டுமா? ஓடி என்ன ஆகப் போகிறது? அந்த ஒரு மணி நேரம் கணிதம் படித்தாலும் பயன் உண்டே." அவர் சினத்தோடு கேட்கவில்லை; அக்கறையோடுதான் கேட்டார். அதனால்தான் மறுமொழி சொல்வது எனக்குக் கடினமாக இருந்தது.

மறுமொழி சொல்லத் தடுமாறியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதை ஒளிப்பது முறையன்று. யுபிஎஸ்ஆர் தேர்வு இருந்த காலத்தில், ஆறாம் ஆண்டு மாணவர்களின் உடற்கல்விப் பாடவேளையைக் கட்டுரைப் பயிற்சிக்கு எடுத்துக்கொண்டவர்களில் நானும் ஒருவன். காலணிக் கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டு கதவருகே நின்ற பிள்ளைகளை, "உட்காருங்கள், பயிற்சிப் புத்தகத்தை எடுங்கள்" என்று திருப்பி அமர்த்தியிருக்கிறேன். அத்தேர்வு 2021ஆம் ஆண்டில் அகற்றப்பட்டுவிட்டது. அந்தப் பழக்கம் நம்மை விட்டு அகன்றுவிட்டதா என்பது வேறு வினா.

அந்தத் தாயாருக்கு அன்று சரியாகச் சொல்ல முடியாமற்போன மறுமொழியை ஒரு வரலாற்றின் வழியாகச் சொல்லிப் பார்க்கிறேன். இது ஒரு பயிற்றுநரின் வரலாறு. அவர் தமிழர் அல்லர். ஆனால் அவர் தம் வாழ்நாளின் சிறந்த பகுதியைத் தமிழர் மண்ணில், சென்னையில், செலவிட்டார். பெயர் ஹேரி குரோ பக்.

'டிரில்' வாத்தியார் காலம்

பக் சென்னைக்கு வருவதற்கு முன் பள்ளிகளில் உடற்பயிற்சி எப்படி இருந்தது என்பதை முதலில் அறிய வேண்டும். ஆங்கிலேயர் ஆட்சியில் சென்னை மாகாணப் பள்ளிகளில் இருந்தது 'டிரில்'. பெரும்பாலும் படையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் அதற்கு ஆசிரியர்களாக அமர்த்தப்பட்டார்கள். வரிசையாக நில், வலம் திரும்பு, இடம் திரும்பு, கையை உயர்த்து, இறக்கு என்பதே பாடம். பிள்ளையின் வயது என்ன, உடல் எப்படி வளர்கிறது, எந்த வயதில் எந்தப் பயிற்சி தகும் என்னும் எண்ணங்களுக்கெல்லாம் அங்கு இடமில்லை. டிரில் வாத்தியாருக்கு மற்ற ஆசிரியர்களோடு சமமான மதிப்பும் இருந்ததில்லை.

ஆனால் விளையாட்டின் அருமை அறியாத சமூகமன்று நம்முடையது. சிலம்பமும் மற்போரும் சடுகுடுவும் ஊர்தோறும் இருந்தன. பாரதியார் 1915ஆம் ஆண்டில் எழுதிய பாப்பாப் பாட்டில், குழந்தைக்குச் சொல்லும் முதல் அறிவுரையே விளையாட்டைப் பற்றியதுதான். படிப்புக்கும் பாட்டுக்கும் விளையாட்டுக்கும் நாளைப் பகுத்துக் கொடுத்தவரும் அவரே. கவிஞர் கண்டதைக் கல்விக்கூடம் காணவில்லை. அந்த இடைவெளியில்தான் பக் வந்து சேர்ந்தார்.

ஸ்பிரிங்பீல்டிலிருந்து சென்னைக்கு

பக் 1884ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் பிறந்தவர். மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்பீல்டு நகரிலிருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிக் கல்லூரியில் படித்தவர். அந்தக் கல்லூரியைப் பற்றி நம் மாணவர்களுக்குச் சொன்னால் வியப்பார்கள். 1891ஆம் ஆண்டில் ஜேம்ஸ் நைஸ்மித் என்னும் ஆசிரியர், பனிக்காலத்தில் மாணவர்கள் கூரைக்குக் கீழே விளையாடுவதற்காகக் கூடைப்பந்தை உருவாக்கியது அங்கேதான். கைப்பந்தை 1895இல் உருவாக்கிய வில்லியம் மார்கனும் அக்கல்லூரியில் பயின்றவரே. ஆக, ஒரு வகுப்பின் தேவைக்காக ஓர் ஆசிரியர் எண்ணிப் பார்த்ததன் விளைவே இன்று உலகம் முழுவதும் ஆடப்படும் கூடைப்பந்து.

அக்கல்லூரியின் சின்னம் ஒரு முக்கோணம். உடல், உள்ளம், ஆன்மா என்பவை அதன் மூன்று பக்கங்கள். ஒரு பக்கம் குறைந்தாலும் முக்கோணம் இல்லை என்பது பொருள். லூதர் குலிக் என்பவர் வகுத்த இந்தக் கொள்கையோடுதான் பக் 1919ஆம் ஆண்டில் சென்னையில் வந்து இறங்கினார்.

அடுத்த ஆண்டே, 1920இல், உடற்கல்வி ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கும் பள்ளியைத் தொடங்கினார். தொடக்கத்தில் மாணவர் எண்ணிக்கை மிகச் சிறியது. பெரிய கட்டடமும் இல்லை. பின்னர் சைதாப்பேட்டைக்கு அருகில், நந்தனத்தில், அடையாற்றங்கரையில் பரந்த நிலம் கிடைத்தது. பள்ளி கல்லூரியாக வளர்ந்தது. சென்னை ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்வியியல் கல்லூரி என்று இன்றும் இயங்கிவரும் அந்நிறுவனம், ஆசியாவின் மிகப் பழைய உடற்கல்விக் கல்லூரி என்று போற்றப்படுகிறது.

பக் நினைத்திருந்தால் கட்டடமற்ற அந்தத் தொடக்க நாள்களில் நல்ல ஓட்டக்காரர்கள் சிலரைத் தேர்ந்தெடுத்து, அவர்களுக்கு மட்டும் பயிற்சியளித்துப் பெயர் வாங்கியிருக்கலாம். அவர் தேர்ந்தெடுத்தவர்களோ ஆசிரியர்களாகப் போகிறவர்கள். ஓர் ஓட்டக்காரரை உருவாக்கினால் ஓர் ஓட்டக்காரர் கிடைப்பார். ஓர் ஆசிரியரை உருவாக்கினால் அவர் ஆண்டுதோறும் நூறு பிள்ளைகளைத் திடலுக்கு அழைத்துச் செல்வார். எளிய கணக்குதான். ஆனால் பலன் கண்ணுக்குத் தெரியப் பல ஆண்டுகள் பிடிக்கும் கணக்கு.

பாரிசு 1924

இனி அவருடைய பயிற்றுநர் வாழ்வின் புகழ்பெற்ற பகுதிக்கு வருவோம்.

1919ஆம் ஆண்டில் பூனாவின் டெக்கான் ஜிம்கானா நடத்திய ஓட்டப் போட்டிகளைத் தொழிலதிபர் தோராப்ஜி டாட்டா கண்டார். வெறுங்காலோடு ஓடிய குடியானவர்களின் வேகம் அவரை வியக்க வைத்தது. அவர் முயற்சியால் 1920ஆம் ஆண்டில் நான்கு திடல்தட வீரர்களும் இரு மல்லர்களும் ஆண்ட்வெர்ப் ஒலிம்பிக்கிற்குச் சென்றனர். அங்கே ஓர் உண்மை புலப்பட்டது. கால்களில் வேகம் இருந்தது. ஆனால் விதிமுறை அறிவும் முறையான பயிற்சியும் இல்லை.

இந்தக் குறையைப் போக்கும் பொறுப்பு ஒய்.எம்.சி.ஏ.வின் உடற்பயிற்சி இயக்குநர்களான ஏ.ஜி. நோரெனுக்கும் பக்கிற்கும் வந்து சேர்ந்தது. இருவரும் இந்தியாவின் பல மாகாணங்களுக்கும் பயணம் செய்தார்கள். தடத்தை அளப்பது, நேரத்தைக் குறிப்பது, தாண்டலை அளவிடுவது, நடுவர்களைப் பழக்குவது என அடிப்படையிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. மாகாணங்களில் ஒலிம்பிக் சங்கங்கள் உருவாயின. 1924ஆம் ஆண்டின் தொடக்கத்தில் டில்லியில் அனைத்திந்தியப் போட்டிகள் நடத்தப்பட்டு, பாரிசு ஒலிம்பிக்கிற்கான அணி தேர்ந்தெடுக்கப்பட்டது. அவ்வணிக்குப் பொறுப்பேற்றுப் பாரிசுக்கு அழைத்துச் சென்றவர் பக்.

அக்காலத்து ஓட்டக் களத்தை நம் பிள்ளைகள் கற்பனை செய்து பார்க்க வேண்டும். இன்றுள்ள செயற்கைத் தடம் அன்று இல்லை. நிலக்கரிச் சாம்பல் பரப்பிய தடம். பாரிசின் கொலோம்பு அரங்கில் ஒரு சுற்று 400 மீட்டர் அன்று, 500 மீட்டர். தொடக்கக் கட்டைகளும் புழக்கத்திற்கு வரவில்லை. ஓட்டக்காரர் சிறு கரண்டியால் தடத்தில் குழி தோண்டி, அதில் கால் ஊன்றிப் புறப்பட வேண்டும். குழியின் ஆழத்தையும் இரு குழிகளுக்கிடையே உள்ள தொலைவையும் தம் உயரத்திற்கு ஏற்ப அறிந்து தோண்டுவதே ஒரு கலை. அதைச் சொல்லிக் கொடுக்க ஒரு பயிற்றுநர் வேண்டும்.

ஆனால் பயிற்றுநருக்கு அன்று பெரிய மதிப்பில்லை. அதே பாரிசில் 100 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்ற பிரிட்டனின் ஹெரால்டு ஏபிரகாம்சுக்குப் பயிற்சி அளித்தவர் சாம் முசபினி. ஊதியம் பெற்றுப் பயிற்சி தருவதை மேட்டுக்குடியினர் இழிவாகக் கருதிய காலம் அது. அரங்கிற்குள் இருந்து காணும் பேறு முசபினிக்கு வாய்க்கவில்லை. அருகிலிருந்த விடுதி அறையில் இருந்தபடியே தம் மாணவரின் வெற்றியை அறிந்துகொண்டார். வென்றவரின் பெயரை உலகம் உடனே எழுதிக்கொண்டது. பயிற்றுநரின் பெயரை எழுதப் பல ஆண்டுகள் ஆயின.

இந்திய அணிக்குப் பாரிசில் பதக்கம் ஒன்றும் கிடைக்கவில்லை. இதை மறைக்காமல் சொல்ல வேண்டும். பதக்கப் பட்டியலை மட்டும் பார்த்து எழுதுபவருக்கு, பக் என்னும் பயிற்றுநர் தோற்றுத் திரும்பியவர்தான். ஆனால் 1927ஆம் ஆண்டில் இந்திய ஒலிம்பிக் சங்கம் முறையாக அமைந்தபோது, தோராப்ஜி டாட்டா தலைவராகவும் நோரென் செயலாளராகவும் பொறுப்பேற்றார்கள். நாடு முழுவதும் போட்டி நடத்தத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். அந்த அடித்தளத்தில் பக்கின் உழைப்பும் கலந்திருந்தது.

பாரிசிலிருந்து திரும்பிய பிறகு

எனக்குப் பக் மீது மதிப்பு உண்டானது இந்தக் கட்டத்தில்தான். ஒலிம்பிக் அணியை நடத்திச் சென்றவர் அந்தப் பெருமையைச் சொல்லிக்கொண்டு வாழ்ந்திருக்கலாம். அவர் திரும்பி வந்து தம் ஆசிரியர் பயிற்சிப் பணியைத் தொடர்ந்தார். சென்னை அரசுக்கு உடற்கல்வி ஆலோசகராகவும் விளங்கினார்.

அவர் செய்தவற்றுள் மூன்றினைக் குறிப்பிட வேண்டும்.

முதலாவது, விதிமுறைகளைத் தொகுத்தது. ஊருக்கு ஊர் வேறுபட்ட முறையில் ஆடினால் ஓர் ஊரார் மற்றோர் ஊராரோடு போட்டியிட முடியாது. பக் தொகுத்த விளையாட்டு விதிமுறைக் கையேடு பல தலைமுறை உடற்கல்வி ஆசிரியர்களின் கைகளில் தவழ்ந்தது. 'வியாயாம்' என்னும் இதழும் அவருடைய கல்லூரியிலிருந்து வெளிவந்தது. அமெரிக்கர் தொடங்கிய கல்லூரியின் இதழுக்கு இந்தியப் பெயர் அமைந்தது எண்ணத்தக்கது.

இரண்டாவது, நாட்டு விளையாட்டுகளை ஒதுக்காதது. மேலைநாட்டிலிருந்து வந்தவர் கூடைப்பந்தையும் கைப்பந்தையும் மட்டும் கற்றுக்கொடுத்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவரோ இந்த மண்ணின் உடற்பயிற்சிகளையும் சடுகுடு போன்ற ஆட்டங்களையும் பாடத்திட்டத்திற்குள் கொண்டுவந்தார். சடுகுடு ஆடத் திடலும் மூச்சும் போதும், காசு வேண்டியதில்லை. நம் தாத்தாக்கள் ஜொகூரின் இரப்பர்த் தோட்டங்களில், பால்மரம் சீவி முடித்த பிறகு, மாலையில் ஆடிய ஆட்டமும் அதுவே. தெருப்புழுதியில் பிறந்த அந்த ஆட்டம் 1990ஆம் ஆண்டில் பெய்ஜிங்கில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் கபடி என்னும் பெயரோடு பதக்க விளையாட்டாக ஏறி அமர்ந்தது. விதிகள் எழுதப்படாமல் இருந்திருந்தால் இது நடந்திருக்குமா?

மூன்றாவது, தமக்குப் பின் வருவோரை உருவாக்கியது. சென்னைக் கல்லூரியில் பயின்ற பி.எம். ஜோசப், பின்னாளில் இந்திய அரசு 1957ஆம் ஆண்டில் குவாலியரில் நிறுவிய இலட்சுமிபாய் உடற்கல்விக் கல்லூரிக்கு முதல் முதல்வரானார். ஒரு விளக்கிலிருந்து மற்றொரு விளக்கு ஏற்றப்பட்டதற்கு இது ஒரு சான்று. பெயர் தெரியாமல் ஊர்ப் பள்ளிகளில் உழைத்து ஓய்வு பெற்ற உடற்கல்வி ஆசிரியர்கள் எத்தனையோ பேர்.

பக் 1943ஆம் ஆண்டில், அறுபது வயதை எட்டும் முன்னரே, சென்னையில் காலமானார். தாயகத்தைவிட்டு வந்து 24 ஆண்டுகள் ஆகியிருந்தன. அவர் பெயரால் நினைவுப் போட்டிகள் பின்னாளில் சென்னையில் நடத்தப்பட்டன.

இரு மருத்துவர்கள்

'ஓடி என்ன ஆகப் போகிறது?' என்னும் கேள்விக்கு இப்போது வருகிறேன்.

பக் பாரிசுக்கு அழைத்துச் சென்ற அணியில் கண்ணூரைச் சேர்ந்த சி.கே. லட்சுமணன் என்பவர் இருந்தார். 110 மீட்டர் தடை ஓட்டத்தில் கலந்துகொண்டார். பதக்கம் பெறவில்லை. ஆனால் அவர் மருத்துவர். பின்னாளில் இந்திய அரசின் சுகாதாரப் பணிகளின் தலைமை இயக்குநராக உயர்ந்தார்.

நம் நாட்டிலும் இதற்கு இணையான ஒருவர் உண்டு. டான்ஸ்ரீ டாக்டர் எம். ஜெகதீசன். 1960ஆம் ஆண்டு ரோம் ஒலிம்பிக்கில் ஓடியபோது அவர் பள்ளி வயதினர். 1962இல் ஜக்கார்த்தா ஆசிய விளையாட்டில் 400 மீட்டரில் தங்கம். 1966இல் பேங்காக்கில் 100 மீட்டர், 200 மீட்டர், 4×100 மீட்டர் அஞ்சல் ஓட்டம் என மூன்று தங்கம். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் 200 மீட்டர் அரையிறுதியில் அவர் ஓடிய 20.92 விநாடி, நாட்டின் சாதனையாக 49 ஆண்டுகள் நின்று, 2017இல்தான் முறியடிக்கப்பட்டது. இவ்வளவும் மருத்துவக் கல்வியோடு சேர்ந்தே நடந்தது. 'பறக்கும் மருத்துவர்' என்று அவரை அழைத்தார்கள். பின்னர் கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தின் இயக்குநராகப் பணியாற்றினார்.

அதே 1966இல் பேங்காக்கில் பெண்களுக்கான 400 மீட்டரில் தங்கம் வென்றவர் பேராக்கில் பிறந்த எம். இராஜாமணி. நாட்டின் சிறந்த விளையாட்டு வீரர், வீராங்கனை விருதுகள் முதன்முதலாக வழங்கப்பட்ட ஆண்டும் அதுவே. அவ்விருதுகளைப் பெற்றவர்கள் ஜெகதீசனும் இராஜாமணியும். பெண்பிள்ளையை அரைக்காற்சட்டையோடு திடலுக்கு அனுப்பத் தயங்கிய காலத்தில் ஒரு குடும்பம் அனுப்பியிருக்கிறது என்பதை நம் பெற்றோர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இவர்களைக் காட்டி, உங்கள் பிள்ளையும் ஓடினால் மருத்துவராகலாம் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் பொய்யாகும். ஓட்டம் படிப்பைக் கெடுக்கும் என்னும் அச்சத்திற்கு இவர்களின் வாழ்வு மறுப்பாக நிற்கிறது. அவ்வளவே என் வாதம். பக்கின் முக்கோணத்தில் எந்தப் பக்கமும் மற்றொரு பக்கத்தைத் தின்று வளர்வதில்லை.

நம் திடலில்

நம் கல்வியமைச்சு 2011ஆம் ஆண்டில் 'ஒரு மாணவர் ஒரு விளையாட்டு' என்னும் கொள்கையைக் கொண்டுவந்தது. கொள்கை நல்லது. ஆனால் எந்தக் கொள்கையும் பாடவேளையில் ஆசிரியர் மாணவர்களைத் திடலுக்கு அழைத்துச் சென்றால்தான் உயிர் பெறும். சிறிய தமிழ்ப்பள்ளிகளில் உடற்கல்விக்கெனப் பயிற்சி பெற்ற ஆசிரியர் எப்போதும் கிடைப்பதில்லை. தமிழாசிரியரே ஊதலை எடுத்துக்கொண்டு போக வேண்டியிருக்கும். திடல் சிறியது, மழை பெய்தால் சேறு, கருவிகள் குறைவு. இவையெல்லாம் உண்மை. 1920இல் பக் தொடங்கியபோதும் கையில் அதிகம் இல்லை என்பதும் உண்மை.

இன்னொன்றும் நான் கற்றுக்கொண்டேன். பயிற்சிக்கு வரும் பிள்ளைகளில் வேகமானவர்களை மட்டும் பொறுக்கி எடுத்து, மற்றவர்களைத் திடலோரத்தில் கைதட்ட உட்கார வைப்பது எளிது. மாவட்டப் போட்டிக்குப் பேர் எடுக்க அது உதவும். ஆனால் உடற்கல்வி என்பது ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் அந்தப் பிள்ளைகளுக்கும் உரியது. வெல்வோரைத் தேடிப் போட்டிக்கு அனுப்புவது பயிற்றுநர் வேலை என்றால், எல்லாரையும் எழுப்பி ஓட வைப்பது ஆசிரியர் வேலை. பக் இரண்டையும் செய்தார். பாரிசு முடிந்த பிறகும் வாழ்நாள் முழுவதும் இரண்டாவதைத் தொடர்ந்தார்.

அந்தத் தாயாருக்கு இறுதியில் நான் சொன்னது சுருக்கமானது. "அம்மா, வாரத்தில் இரண்டு மாலை மட்டும் அனுப்புங்கள். கணிதத்தில் பின்தங்கினால் நான் பொறுப்பு. தனியாகச் சொல்லித் தருகிறேன்." அவர் சிறிது நேரம் எண்ணிப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். பையன் இப்போது பச்சை இல்லத்தின் அஞ்சல் ஓட்ட அணியில் மூன்றாவது ஓட்டக்காரன். கோலை வாங்கும்போது இன்னும் திரும்பிப் பார்க்கிறான். திரும்பிப் பார்க்காமல் கையை நீட்டினால் கோல் தானாக வந்து சேரும் என்று நம்ப அவனுக்கு இன்னும் சில நாள் பிடிக்கும்.

உடற்கல்விப் பாடவேளையை இனி எந்தப் பாடத்திற்கும் கடனாகத் தருவதில்லை, கேட்பதுமில்லை என்று நான் உறுதி எடுத்திருக்கிறேன். ஆசிரிய நண்பர்களே, உங்கள் பள்ளியில் இது எப்படி இருக்கிறது? பெற்றோர்களே, போட்டி நாளன்று பிள்ளை எந்த இடத்தில் வந்தாலும் திடலுக்கு வந்து நில்லுங்கள். அவர்கள் முடிவுக் கோட்டைத் தாண்டியதும் முதலில் தேடுவது உங்கள் முகத்தைத்தான்.